திறந்து மூடிய தேதி

பிப்ரவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே உங்கள் தங்கையின் இடது முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? இன்னும் இருக்கிறது என்றால் இன்னும் வேலைக்குப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் மூன்றாவது நிமிடம் பட்டென்று வைத்துவிடுகிறோம். கடிதத்தை அப்படி வைக்க முடியாது.

விஷயம் இதுதான். பல் க்ளினிக்கை விற்ற கையோடு பாய்மரப் படகு ஒன்று வாங்கிவிட்டேன். முப்பத்தாறு அடி. செப்டம்பர் முதல் வாரம் நானும் படகு கிளப் நண்பர் ஒருவரும் கிளம்புகிறோம். கரையே தெரியாத கடலில் பதினோரு நாள் போனால் ஒரு தீவு. அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்புகிறோம். சிரிக்காதீர்கள். அலையைப் பார்த்தாலே குமட்டுகிற உங்களுக்கு இது புரியாது என்று தெரியும்.

படகு முழுகினால் ஏறிக்கொள்ள லைஃப் ராஃப்ட் வேண்டும் என்கிறார்கள். நீங்கள் இருபத்திரண்டு வருஷமாகப் பிரித்து மடித்துக்கொண்டிருக்கிற அதே ரப்பர் சாமான்தான். பெட்டியைத் தண்ணீரில் வீசிக் கயிற்றை இழுத்தால் தானே காற்று நிரம்பி விரியுமாமே. கிளப்பில் பாதிப் பேர் சொந்தமாக வாங்கு என்கிறார்கள், பாதிப் பேர் வாடகைக்கு எடு என்கிறார்கள். வாங்கச் சொல்கிறவர்கள் ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டவர்கள். வாடகைக்கு எடுக்கச் சொல்கிறவர்கள் துறைமுகத்தை விட்டு நகராதவர்கள். இரண்டு கூட்டத்தையும் நான் நம்பவில்லை. உங்களையும் பெரிதாக நம்பவில்லை, இருந்தாலும் சொந்தக்காரர் என்ற முறையில் கேட்கிறேன்.

வாங்கவா, வாடகைக்கு எடுக்கவா?

பதிலை எதிர்பார்க்கும்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 20

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். முதுகு அப்படியேதான் இருக்கிறது. தங்கச்சி முழங்காலுக்குக் காலையும் மாலையும் சூட்டு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கொடுத்தால் இன்னும் நல்லது; படகு துடைக்கிற நேரத்தில் கால் மணி நேரம் போதும்.

படகு வாங்கிய சேதி படித்தேன். பல் பிடுங்கின கையால் பாய்மரம் பிடிக்கப்போகிறீர்கள். கடல் வாயைத் திறந்துகொண்டு உங்களுக்காக நாற்காலியில் சாய்ந்திருக்காது, அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்து ஓய்வு பெற்றவர்கள் படகு வாங்கினால் முதல் வருஷம் பெயிண்ட் அடிப்பார்கள், இரண்டாம் வருஷம் தொப்பி வாங்குவார்கள், மூன்றாம் வருஷம் விளம்பரம் கொடுத்து விற்பார்கள். துறைமுகச் சுவர் தாண்டி நாலாவது அலையில் நீங்கள் திரும்பிவிடுவீர்கள், கேப்டன்.

கேட்டதற்குப் பதில்: வாடகைக்கு எடுங்கள். சொந்தமாக வைத்துக்கொள்ள யோக்கியதை வேண்டும். உங்கள் க்ளினிக்கில் தீயணைக்கிற சிலிண்டர் ஒன்று இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? அதில் குடையை மாட்டி வைத்திருந்தீர்கள். ராஃப்ட் வாங்கினாலும் அதன்மேல் பெயிண்ட் டப்பாவை அடுக்கிவிட்டு, பரிசோதனைக்கு அனுப்ப மறந்துவிடுவீர்கள். வாடகை ராஃப்ட் என்றால் வருஷா வருஷம் எங்கள் பட்டறைக்கு வந்துதான் ஆகவேண்டும்.

ரப்பர் மடிக்கிறேன் என்று ஏளனம் செய்திருக்கிறீர்கள். என்ன செய்கிறேன் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாடியில் நீளமான அறை. தூசி ஆகாது, ஜன்னலைத் திறக்க மாட்டோம், செருப்பு வாசலோடு சரி. ராஃப்டைத் தரையில் விரித்துக் குழாயால் காற்று ஏற்றிவிட்டு, சாப்பாட்டு நேரம் முழுக்க அப்படியே நிற்க விடுவேன். திரும்பி வந்து காற்றழுத்தம் காட்டும் முள் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பேன். ஒட்டு ஒவ்வொன்றையும் விரலால் தடவுவேன். இந்த வேலைக்குக் கண்ணைவிட விரல் நல்லது. தண்ணீர்ப் பொட்டலம், அபாய வெளிச்சக் குச்சி, பேட்டரி எல்லாம் மாற்றிப் பவுடர் தூவி மடித்துப் பெட்டியில் வைப்பேன். மூடுவதற்கு முன்னால் என் கையால் ஒரு சீட்டு எழுதி உள்ளே போடுவேன். "திறந்து மூடிய தேதி இது. நலமாக இருங்கள்." இது என் வழக்கம். வேறு எந்தப் பட்டறையிலும் கிடையாது.

இருபத்திரண்டு வருஷத்தில் என் கையெழுத்துப் போட்ட ராஃப்ட் சரியில்லை என்று ஒருவர் வந்து சொன்னதில்லை. உங்கள் நோயாளிகளைப் பற்றி நீங்கள் அப்படிச் சொல்ல முடியுமா?

இப்படிக்கு,
மச்சான்


மார்ச் 4

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லோரும் நலம். ஒத்தடம் நானேதான் கொடுக்கிறேன். வாங்கிக்கொண்டே உங்கள் கடிதத்தைப் படித்துச் சிரிக்கிறாள்.

ஒருவரும் வந்து புகார் சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மச்சான், உங்கள் ராஃப்ட் சரியில்லை என்று தெரிந்துகொள்கிறவர் எந்த வழியாக வந்து சொல்வார்? நடந்தா? என் நோயாளிகளுக்குப் பல் வலித்தால் மறுநாள் காலையில் கதவைத் தட்டித் திட்டினார்கள். நாற்பது வருஷம் திட்டு வாங்கித்தான் தொழில் கற்றேன். உங்களுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

அந்தச் சீட்டு விஷயம் பிரமாதம். படகு முழுகி, உடம்பு நடுங்கி, உப்புத் தண்ணீரில் ஊறிப்போய் ஒருவன் உள்ளே ஏறினால் முதலில் உங்கள் நல விசாரிப்பைப் படிக்க வேண்டும். உங்கள் கோழிக் கிறுக்கலைப் படித்து முடிப்பதற்குள் மீட்புக் கப்பலே வந்துவிடும்.

ஆனாலும் உங்கள் பேச்சைக் கேட்டுவிட்டேன். வாடகைக்கு ஒன்று எடுத்தாயிற்று. நாலு பேர் ராஃப்ட், வெள்ளைப் பெட்டி, எண் 4147. மேலே ஒட்டிய பரிசோதனைச் சீட்டில் போன வருஷம் மே 14 என்று தேதி, கீழே உங்கள் முத்திரை, உங்கள் கையெழுத்து. ராஃப்ட் வாடகைக்கு விடுகிறவரின் கடையில் மூன்று பெட்டிகள் இருந்தன. உங்கள் தங்கைதான் இதைத் தேர்ந்தெடுத்தாள். அந்தக் கையெழுத்தைத் தொட்டுப் பார்த்து, "இதுல எங்கண்ணன் கை பட்டிருக்கு, இதையே எடுத்துக்கலாங்க" என்றாள்.

இன்னொரு சேதி. கிளப் நண்பர் கழன்றுகொண்டார். பேரன் பிறக்கப்போகிறானாம், அது இதென்று சாக்கு. அதனால் உங்கள் தங்கையே என்னோடு வருகிறாள். முழங்காலுக்குக் கடல் காற்று நல்லது என்று யாரோ சொன்னார்களாம். மூன்று வாரமாகக் கயிறு முடிச்சுப் போடப் பழகுகிறாள், என்னைவிட வேகமாகப் போடுகிறாள்.

நாலாவது அலையைத் தாண்டியதும் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 22

மாப்பிள்ளைக்கு,

நலம்தானே.

யோசித்துப் பார்த்தேன். வாடகை ராஃப்ட் வேண்டாம். புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். பதினோரு நாள் பயணத்துக்குச் சொந்த ராஃப்ட்தான் சரி. பாதிச் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். 4147-ஐத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, மனம் மாறிவிட்டது என்று சொன்னால் போதும்.

உடனே செய்யுங்கள்.

மச்சான்


மே 1

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் நலமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன். ஏழு வாரம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு ஏழு வரி எழுதியிருக்கிறீர்கள்.

பிப்ரவரியில் எனக்குச் சொந்தமாக ராஃப்ட் வைத்துக்கொள்ள யோக்கியதை இல்லை. ஏப்ரலில் வந்துவிட்டது. நடுவில் நான் குடையை எடுத்து வேறு இடத்தில் மாட்டியதைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை. சரி, புரிகிறது. உங்கள் முதலாளி புது ராஃப்ட் விற்பனையும் ஆரம்பித்திருப்பார். ஆளுக்கு இத்தனை என்று தலையில் கட்டச் சொல்லியிருப்பார். வெளியே ஒருவரும் சிக்காமல் வீட்டு மாப்பிள்ளையிடம் வந்திருக்கிறீர்கள். நானும் நாற்பது வருஷம் பற்பசைக் கம்பெனிக்காரர்களைப் பார்த்தவன், எனக்கே காது குத்தாதீர்கள்.

பாதிச் செலவு தருகிறேன் என்று எழுதியது அதைவிட மோசம். என் கல்யாணத்துக்கு வந்த நாளிலிருந்து நீங்கள் எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்ததில்லை.

4147 எங்கள் வீட்டு நடையில் பத்திரமாக இருக்கிறது. அதன்மேல் உட்கார்ந்துதான் உங்கள் தங்கை முடிச்சுப் போடுகிறாள். திருப்பித் தர முடியாது.

மாப்பிள்ளை


மே 12

அன்பு அண்ணா,

நான் நலம். நீ?

அவர் எழுதியதைப் படித்தேன். கமிஷன் அது இதென்று அவர் எழுதியதற்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நீ அப்படிப்பட்ட ஆள் இல்லை. ஒரு டீ வாங்கித் தரமாட்டாய், அது உண்மை. ஆனால் பொய் சொல்லி விற்க உனக்கு வராது.

அதனால்தான் கேட்கிறேன். உன் கடைசிக் கடிதத்தில் நீ என் முழங்காலைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. எனக்குக் கால் பிசகிய நாளிலிருந்து பதினாறு வருஷமாக நீ எழுதிய எந்தக் கடிதத்திலும் அது விட்டுப்போனதில்லை. அப்பாவின் வாட்ச்சை நீ தொலைத்துவிட்டுப் பத்து நாள் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டாயே, அந்த ஞாபகம்தான் வந்தது.

என்ன நடந்தது? அவரிடம் சொல்ல வேண்டாம் என்றால் எனக்கு மட்டும் எழுது.

உன்,
தங்கை


ஜூன் 3

அன்புத் தங்கச்சிக்கு,

நலம். முழங்கால் எப்படி இருக்கிறது? மறந்துபோனது தப்புதான், பட்டறையில் வேலை அதிகம். சீசன் ஆரம்பித்துவிட்டது. உறை போட்டுக்கொண்டு நட. மாடிப்படியில் முதலில் நல்ல காலை வை. புதிதாக ஒரு தைலம் வந்திருக்கிறது என்கிறார்கள், விசாரித்து அனுப்புகிறேன். எண்ணெய்ப் பதார்த்தத்தைக் குறை. தூக்கம் வருகிறதா?

நீ எதற்குப் போகவேண்டும்? அவருக்குப் பொழுது போகவில்லை, அவர் போகட்டும். முழங்கால் சரியில்லாதவள் ஆடுகிற படகில் பதினோரு நாள் எப்படி நிற்பாய்? செப்டம்பரில் காற்றும் சரியிருக்காது. நீ என் வீட்டுக்கு வந்து இரு.

போகத்தான் போகிறேன் என்று அடம் பிடித்தால் ஒன்று செய். அந்த 4147-ஐ எனக்கு லாரியில் அனுப்பு. சும்மா ஒரு தடவை பார்த்து அனுப்புகிறேன். ஒரு வருஷம் ஆகிவிட்டது, எப்படியும் பார்க்க வேண்டியதுதான். உன் வீட்டுக்காரரிடம் பெரிதாக ஒன்றும் சொல்லாதே.

அன்புடன்,
அண்ணன்


ஜூன் 15

அண்ணா,

என் உடம்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நான் நலம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டேன், போதும்.

பெட்டியை அனுப்பவில்லை. அவர் உன் கடிதத்தைப் பார்த்துவிட்டார். "அவர் போகட்டும்" என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். எழுந்துபோய்ப் படகைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

மே 14-ஆம் தேதி அந்தப் பெட்டியைத் திறந்தாயா, இல்லையா?

தங்கை


ஜூலை 2

தங்கச்சி, மாப்பிள்ளை இருவருக்கும்,

திறக்கவில்லை.

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். போன வருஷம் மே மாதம் ஒரே வாரத்தில் பதினொரு பெட்டி வந்தது. ஒன்றைப் பிரித்துப் பார்த்து மடிக்க ஒரு முழு நாள் ஆகும். ஏழு திறந்தேன். நாலு பெட்டியைத் திறக்காமல் தராசில் வைத்து எடை பார்த்தேன். எடை குறையவில்லை என்றால் உள்ளே ராஃப்டை விரிக்கிற சிலிண்டரில் வாயு கசியவில்லை, வாயு இருந்தால் விரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழைய சீட்டைச் சுரண்டிவிட்டுப் புதிதை ஒட்டி முத்திரை குத்தினேன். 4147 அதில் ஒன்று. எண்ணைப் படித்ததுமே தெரிந்துவிட்டது.

முதுகுவலி என்று சொல்லலாம். முதலாளி அவசரப்படுத்தினார் என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. மீன்பிடிப் படகின் பெட்டி வந்தால் நான் ஒன்று விடாமல் திறப்பேன். கப்பல் பெட்டியையும் திறப்பேன். வாடகைப் பெட்டி என்றால் எனக்கு இளப்பம். இதை யார் எடுக்கப்போகிறார்கள்? வெள்ளைத் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஆட்கள். துறைமுகத்தைச் சுற்றி வந்து போட்டோ பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள். இவர்கள் எங்கே கயிற்றை இழுக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். மாப்பிள்ளையையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன். அதனால்தான் பிப்ரவரியில் கொஞ்சம்கூட யோசிக்காமல் வாடகைக்கு எடுங்கள் என்று எழுதினேன். எழுதும்போது எனக்கு உறுத்தவே இல்லை. பெரிய நியாயஸ்தன் மாதிரி விரலையும் சீட்டையும் பற்றி அளந்தேன்.

தங்கச்சியும் வருகிறாள் என்று படித்த பிறகுதான் அந்த எண்ணை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். ஏழு வாரம் என்ன செய்தேன் என்று கேட்டால், வாடகைக்காரர் தானாகவே பெட்டியை மாற்றிக் கொடுத்துவிடுவார் என்று உட்கார்ந்திருந்தேன். வெட்கம் கெட்டவன் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

அதைக் கடலுக்கு எடுத்துப் போகாதீர்கள். தங்கச்சி, நீ அதன்மேல் உட்காரக்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
அண்ணன்


ஜூலை 16

மச்சானுக்கு,

உடம்பை விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் கடிதத்தை நான் முதலில் நம்பவில்லை. என்னைத் தடுக்க இதுவும் ஒரு தந்திரம் என்று நினைத்தேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை 4147-ஐக் கிளப் புல்தரையில் வைத்தேன். வாடகைக்காரரையும் வரச் சொன்னேன். சிரித்துக்கொண்டே வந்தார். ஒரு பத்துப் பேர் சுற்றி நின்றோம். கயிற்றை நான்தான் இழுத்தேன்.

அரை நிமிடத்தில் விரிந்துவிட்டது, மச்சான். கூரையெல்லாம் எழுந்து, ஆரஞ்சு நிறத்தில், குழந்தைகள் பொம்மை மாதிரி நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். வாடகைக்காரர் என் முதுகில் தட்டினார். உங்கள் மூஞ்சியில் கரி பூசியாயிற்று, வீட்டுக்குப் போனதும் எழுதவேண்டும் என்று எனக்கு ஒரே குஷி. உங்கள் தங்கை முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தாள். கிளப் செயலாளர் போட்டோ எடுத்தார்.

டீ வந்தது. குடித்துக்கொண்டிருந்தோம். நாற்பது நிமிடம் ஆகியிருக்கும். கெட்டித் துணியைக் கிழிப்பது போல ஒரு சத்தம் வந்தது, பெரிதாகக்கூட இல்லை. கீழ்க் குழாயில் ஒரு முழம் நீளத்துக்கு ஒட்டு விட்டுவிட்டது. ஒரு பக்கம் அப்படியே படுத்தது, கூரை அவள் தலைமேல் சரிந்தது. அதைத் தூக்கி அவளை நான் வெளியே இழுத்தேன். புல்தரைதான், ஒன்றும் ஆகவில்லை. வாடகைக்காரர் ஏதோ சொல்ல வந்தார், "நீங்க பேசாதீங்க" என்று சொல்லிவிட்டேன். தண்ணீர்ப் பொட்டலங்களை எடுத்துப் பார்த்தோம். காலாவதியாகி இரண்டு வருஷம்.

நாற்பது வருஷத்தில் எத்தனையோ வாய் பார்த்திருக்கிறேன். நாறுகிற வாய், பொய் சொல்கிற வாய், கடிக்கிற வாய். ஒரு வாயையும் திறக்காமல் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. என் பல் வைத்தியத்தைக் கிண்டல் செய்ய இனிமேல் உங்களுக்கு உரிமை கிடையாது.

புது ராஃப்ட் வாங்கிவிட்டேன். என் பணத்தில். கடையில் மூடுவதற்கு முன்னால் நாள் முழுக்கக் காற்று ஏற்றி நிறுத்தி, நானே ஒவ்வொரு ஒட்டையும் விரலால் தடவிப் பார்த்தேன். அதை மட்டும் உங்களிடம் கற்றுக்கொண்டேன்.

நாங்கள் செப்டம்பரில் போகத்தான் போகிறோம். இனி எனக்கு எழுத வேண்டாம்.

மாப்பிள்ளை


ஜூலை 18

அண்ணா,

அவர் ஒன்றை எழுதவில்லை. வேண்டுமென்றே என்னிடம் விட்டுவிட்டார் என்று நினைக்கிறேன்.

உள்ளே ஏறியதும் உன் சீட்டைத்தான் தேடினேன். தண்ணீர்ப் பொட்டலங்களுக்கு நடுவில் இருந்தது. வெளியே எல்லோரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது அதைப் பிரித்துப் படித்தேன். "திறந்து மூடிய தேதி இது. நலமாக இருங்கள்." தேதி ஐந்து வருஷத்துக்கு முந்தையது, அண்ணா. நீ ஒரு வருஷம் திறக்கவில்லை என்று எழுதினாய். நாலு வருஷமாக நாலு தடவை அந்தப் பெட்டி உன்னிடம் வந்து போயிருக்கிறது.

நாலு பெட்டி என்றும் எழுதியிருந்தாய். அது போன மே மாதத்துக் கணக்கு மட்டும்தானே? மீதி வருஷங்களில் எத்தனை? அதெல்லாம் இப்போது யார் படகில் இருக்கின்றன?

நீ பயந்து எழுதியது எனக்காக. அவர் மட்டும் போயிருந்தால் நீ எழுதியிருக்க மாட்டாய், அவருக்கும் அது தெரிந்துவிட்டது. எங்களுக்கு மட்டும் எழுதிவிட்டு மற்றவர்களை விட்டுவிட்டாய். அவர்களுடைய தங்கைகளுக்கு யார் எழுதுவார்கள்?

சின்ன வயதில் இந்த ஊரிலேயே எங்கண்ணன்தான் கெட்டிக்காரன் என்று சண்டை போட்டிருக்கிறேன். அந்தப் பெட்டியைத் தொட்டுப் பார்த்து எடுத்தவளும் நான்தான். உன்மேல் எனக்கு எவ்வளவு அருவருப்பு என்று எழுதத் தெரியவில்லை.

என் முழங்காலை இனி நீ விசாரிக்க வேண்டாம். முதலில் போய் அவர்களை விசாரி.

தங்கை


ஆகஸ்ட் 6

பெட்டி எண் 4102-ஐ வாடகைக்கு எடுத்தவருக்கு,

ஐயா அல்லது அம்மா, வணக்கம். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீங்கள் கரையில் இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நான் உங்களுக்குத் தெரியாதவன். ஆனால் உங்கள் ராஃப்ட் பெட்டியின் மேல் இருக்கும் முத்திரையும் கோணல் கையெழுத்தும் என்னுடையவை. அதைத் திறந்து பார்த்துச் சரி என்று சொல்லியிருக்கிறேன். பொய். அதைத் திறந்து மூன்று வருஷம் ஆகிறது. தயவுசெய்து அதை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். நல்ல பட்டறையில் கொடுத்து உங்கள் கண்ணெதிரே திறக்கச் சொல்லுங்கள். உள்ளே ஒரு சீட்டு இருக்கும். நான் சொல்வது உண்மை என்று அதிலுள்ள தேதியைப் பார்த்தால் தெரியும்.

பட்டறைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். என் தங்கை வீட்டுக்குப் போன ஒன்று போக, இப்படி மொத்தம் பதினேழு பெட்டிகள். எடுத்தவர்களின் முகவரியையும் போன் எண்ணையும் கொடுக்க வாடகைக்கு விடுகிறவர் மறுத்துவிட்டார். என் தங்கை வீட்டுக்காரர் அவர் கடையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து வாங்கினார். பல் டாக்டராக இருந்தவர், வாயைத் திறக்க வைக்கத் தெரிந்தவர். பட்டியலை மட்டும் எனக்கு அனுப்பினார், கூட ஒரு வரி எழுதவில்லை. பதினொரு பேருக்குப் போனில் சொல்லிவிட்டேன். நல்ல வார்த்தை ஒருவரும் சொல்லவில்லை, சொல்லக் கூடாதுதான். போன் எடுக்காத ஆறு பேருக்கு இந்தக் கடிதம்.

பட்டறையில் எனக்கு இப்போது வேலை இல்லை. அதனால் வீட்டு முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்களை நான் பார்த்ததில்லை. தொப்பி போட்டுக்கொண்டு துறைமுகத்தைச் சுற்றுகிற ஆள் என்று நினைத்தேன். அப்படி நினைக்க எனக்கு என்ன தகுதி என்று இப்போது யோசிக்கிறேன். நீங்கள் எவ்வளவு தூரம் போவீர்கள், உங்களோடு யார் வருவார்கள் என்று எனக்குத் தெரியாது.

நலமாக இருக்கிறீர்களா? திட்டி எழுதினாலும் சரி. பதில் மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெட்டியைத் திறக்காதவன்